முதியவர்கள் விரும்பிக் கையில் எடுக்கும் பொருளை எப்படி வடிவமைப்பது?

களுவாஞ்சிகுடிப் பட்டறை எழுதியது:

வணக்கம். களுவாஞ்சிகுடியில் மரவேலை செய்யும் ஓர் ஓடாவியாரையும் வெல்டிங் தெரிந்த ஒரு தம்பியையும் சேர்த்துக்கொண்டு சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். கதவு, யன்னல் வேலைகளோடு, கடந்த வருடம் முதல் வயதானவர்களுக்கென்று சில பொருள்களைச் செய்து வருகிறோம்: நான்கு பாதம் கொண்ட அலுமினியப் பொல்லு, மலசலகூடத்தில் பிடித்து எழும்புவதற்கான குழாய்ச் சட்டம், முதுகு உயர்ந்த கதிரை. ஊர் முதியோர் சங்கக் கூட்டம் ஒன்றில் இவற்றைக் காட்டியபோது எல்லாரும் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று வாயாரச் சொன்னார்கள். ஆனால் தமக்கென்று ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. வாங்கியவர்கள் எல்லாம் பிள்ளைகள். அவர்களிலும் பலர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிப் பணம் அனுப்பியவர்கள்.

மூன்று மாதம் கழித்து வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் எங்கள் குழாய்ச் சட்டம் பின்வளவில் வெயிலில் நிற்க, அதன்மேல் துவாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. இன்னொரு வீட்டில் பொல்லு கதவுக்குப் பின்னால் சாத்தப்பட்டு, வந்த உறையோடேயே இருந்தது. மூன்றாவது வீட்டு அம்மா, விருந்தாளி வரும் நாளில் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவதாக என்னிடமே சொன்னார்.

என்னுடைய அம்மம்மாவும் இப்படித்தான். அவவுக்கு 83 வயது. நான் செய்துகொடுத்த பொல்லை அவ தொடவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகும்போது, மழையோ வெயிலோ இல்லாத மாலையிலும், மடித்த கறுப்புக் குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு போவா. அந்தக் குடையை எடுத்துப் பார்த்தேன். அதன் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து கோணலாகியிருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் பிடியைச் சுற்றி, பழைய சேலைக் கிழியலை அவவே வரிந்து கட்டிப் பருமனாக்கியிருந்தா. ஏன் பொல்லு வேண்டாம் என்று கேட்டதற்கு, "பொல்லு ஊண்டினா கிழவிக்கு நடக்க ஏலாமப் போயிற்று எண்டு சொல்லுவாங்க, குடையெண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்றா.

இரண்டு விடயங்களில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பாதுகாப்பாகவும் அவர்கள் மனம் விரும்பும்படியாகவும் ஒரு பொருளை அமைப்பதற்கு எங்கிருந்து தொடங்கவேண்டும்? "முதியோருக்கானது" என்று பெயர் எழுதி விற்பது சரியா, பிழையா?

வாவிக்கரை இயன்மருத்துவர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு அழகாக இருந்தாலும், அளவு பிழைத்த பொருளை வயதானவர் இரண்டாம் முறை தொடமாட்டார். மட்டக்களப்பில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, ஒருவர் கதிரையிலிருந்து எழும்புகிற அந்த நாலைந்து வினாடிகளே மிகப் பெரிய பாடமாக இருந்தன. எழும்புபவர் முதலில் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். பிறகு நெஞ்சை முன்னே சாய்க்கிறார். அதன்பின் கைகளால் அமர்த்தி உடலைத் தூக்குகிறார். இந்த மூன்றில் எதற்குக் கதிரை இடம் கொடுக்காவிட்டாலும் இன்னொருவர் கை கொடுக்கவேண்டியதாகிவிடும். விறாந்தையில் நாம் பெருமையாகப் போட்டு வைக்கும் சாய்மனைக் கதிரை, படுத்திருப்பதற்குச் சுகமாக இருந்தாலும், எழும்புவதற்கு மூன்றையுமே தடுக்கிறது. இருக்கையின் கீழ்ப்பக்கத்தை முன்னால் பலகையால் அடைத்த சோபாவும் அப்படித்தான். பாதம் பின்னால் போக அதில் இடமில்லை. கைபிடியில்லாத பிளாஸ்டிக் கதிரையோ பாரமற்றது. அமர்த்தும்போது பின்னால் வழுக்கிவிடும்.

ஆகவே உங்கள் கதிரையின் கைபிடிகள் இருக்கையின் முன்விளிம்பு வரையாவது நீண்டு வரட்டும். அவற்றின் நுனி உள்ளங்கை முழுவதும் பதியுமாறு உருண்டையாக இருக்கட்டும். இருக்கையின் உயரத்தை வெளிநாட்டு அட்டவணைகளிலிருந்து எடுக்காதீர்கள், ஏனென்றால் நம் ஊர் மூதாட்டிகள் பலருக்கு அந்த உயரத்தில் பாதம் தரையில் படாமல் தொங்கும். இருப்பவரின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளவுநாடாவால் அளந்து அந்த அளவை வையுங்கள். முழங்கால் நோவு உள்ளவருக்குச் சற்றே கூட்டுங்கள். பொல்லின் உயரமும் அப்படித்தான். அவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மடிப்பு எங்கே நிற்கிறதோ அதுவே பிடியின் உயரம். அப்போதுதான் ஊன்றும்போது முழங்கை இலேசாக மடிந்து பலம் கொடுக்கும்.

உங்கள் அம்மம்மா குடைப்பிடியைத் துணியால் பருமனாக்கியது மிகச் சரியான வடிவமைப்பு. மூட்டுவாதம் உள்ள கைக்கு மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பது வேதனை. 3 முதல் 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிடி எளிது. ஆனாலும் அந்தக் குடையை அவ தொடர்ந்து ஊன்றுவது எனக்குப் பயமாக இருக்கிறது. குடைக்கம்பு உடற்பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தேய்ந்த உலோக நுனி ஈரச் சீமெந்தில் ஒரு கணம்கூட நிற்காது.

கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். வயது ஏற ஏறக் கண்மணித் துவாரம் சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. இதனால் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. வெள்ளைச் சுவரும் வெள்ளை மாபிளும் உள்ள மலசலகூடத்தில் வெள்ளைக் குழாய்ச் சட்டத்தை வைத்தால், அவசரத்தில் போகும் அந்த மனிதருக்கு அது தெரிவதே கடினம். அதற்குக் கடும் நிறம் ஒன்றைப் பூசுங்கள்.

மருதமுனைத் தறிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். மனம் விரும்பும்படி என்று சகோதரி கேட்டிருக்கிறார். எனக்கு உடனே எங்கள் மூத்தம்மாவின் வெற்றிலை உரல்தான் நினைவுக்கு வந்தது. பல் போன பிறகு வெற்றிலையையும் பாக்கையும் மெல்ல முடியாமல், ஒரு சாண் உயரம்கூட இல்லாத பித்தளை உரலில் இட்டு, சிறிய உலக்கையால் இடித்துத்தான் அவர் போடுவார். இப்போது யோசித்தால், அது பல்லில்லாதவருக்கான துணைக்கருவி. ஆனால் அதை அப்படி யாரும் நினைத்ததில்லை. புளி போட்டுத் துலக்கி, வட்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். வந்தவர்களுக்கு அது முதலில் கண்ணில் படும். "நான் இடிச்சுத் தாறன்" என்று பேரப்பிள்ளைகள் நாங்கள் சண்டை பிடிப்போம். கட்டிலுக்குக் கீழே அதைத் தள்ளவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்திருக்காது. நம் ஊரில் முதுமைக்கென்று செய்த பொருள் அழகாகவும் இருந்திருக்கிறது. இடையில் எங்கேயோ நாம் ஆசுபத்திரிக் கட்டிலின் நிறத்தையும் குழாயையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

பள்ளிவாசலில் இப்போது முழங்கால் மடக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து தொழுகிறார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை, ஏனென்றால் வரிசையில் பலர் இருக்கிறார்கள். 40 வயதில் கால் முறிந்தவரும் அதே கதிரையில்தான் இருக்கிறார். எல்லாரும் தொடும் பொருள் ஒருவரைத் தனியே காட்டிக் கொடுப்பதில்லை.

எங்கள் நெசவில் நான் செய்து பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். என் மாமி இரவில் கட்டிலில் இருக்கப் போகும்போது விளிம்பைக் கையால் துழாவுவார். வெளிர்நீல விரிப்பும் வெளிர்பச்சைத் தரையும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஐயா சொன்ன வில்லை மஞ்சளாகும் கதைதான் அது. நீலமும் பச்சையும் அந்தக் கண்ணுக்கு நெருங்கிப் போய்விடும். வெளிர் விரிப்பின் இரண்டு நீளப் பக்கங்களிலும் நான்கு விரல் அகலத்துக்குக் கடும் மெரூன் கரை வைத்து நெய்து, அந்தக் கரை கட்டிலின் விளிம்பிலேயே விழும்படி விரித்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் துழாவுவதில்லை. பார்த்த இளம் பெண்கள் எல்லாம் "கரை வச்ச விரிப்பு வடிவா இருக்கு" என்று தங்களுக்கும் கேட்டார்கள். அது எதற்காக வைத்த கரை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றுப் பொறியியல் மாணவன் எழுதியது:

தறிக்காரி அக்கா கடைசியாகச் சொன்னதே, பெயர் எழுதுவது பற்றிய கேள்விக்கான விடை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதம் இருந்த தம் மனைவி பெட்சி மரக்கறித் தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கண்டு, பருத்த கறுப்பு இறப்பர்ப் பிடியும் விரல் பதியும் இடத்தில் மெல்லிய மடிப்புகளும் கொண்ட கருவிகளைச் செய்வித்தார். ஒக்ஸோ என்ற பெயரில் 1990இல் அவை கடைக்கு வந்தபோது, மூட்டுவாதக்காரருக்கானவை என்று விற்கப்படவில்லை. சாதாரண சமையற் கருவிகளோடு சேர்த்தே விற்கப்பட்டன. வலியில்லாத கைக்கும் அந்தப் பிடி சுகமாக இருந்ததால் எல்லாரும் வாங்கினார்கள். அந்தத் தோல்சீவி இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இருக்கிறது.

அதற்கும் முன்னர், பற்றீசியா மூர் என்ற இளம் வடிவமைப்பாளர் 1979 முதல் 1982 வரை, மூதாட்டி வேடமிட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் நடமாடினார். பார்வையை மங்கச் செய்தார், காதை அடைத்தார், மூட்டுகள் மடங்காதபடி கட்டினார். கதவுகளும் படிகளும் அவரைத் தடுத்தன. அவற்றோடு, மனிதர்கள் தன்னை நடத்திய விதமும் மாறியதை அவர் எழுதியிருக்கிறார். உங்கள் அம்மம்மா குடையைத் தெரிந்தெடுத்ததற்கான காரணம் அதுவே.

"முதியோர்" என்ற ஒரு சொல்லுக்குள் யாரையெல்லாம் அடக்கப் போகிறோம் என்பதும் சிக்கலானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும். 60 வயதில் வயலில் நின்று வேலை செய்பவரும் 83 வயதில் குடை ஊன்றுபவரும் அந்த ஒரே கணக்கில்தான் வருகிறார்கள். பொருளின்மேல் வயதை எழுதாமல், அது செய்யும் வேலையை எழுதுங்கள்: "எளிதாக எழும்பும் கதிரை", "வழுக்காத பொல்லு".

எனக்கு மிகவும் அக்கறையுள்ள விடயம் எழுத்து. கிளினிக்கிலிருந்து எங்கள் அப்பப்பா ஒரே அளவு, ஒரே நிறமான ஐந்தாறு சிறு உறைகளில் குளிசைகளைக் கொண்டுவருவார். எது காலை, எது இரவு என்பது பேனாவால் சின்னதாக எழுதப்பட்டிருக்கும். 2005இல் அமெரிக்காவில் டெபோரா அட்லர் என்பவர், தம் பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மருந்தை எடுத்துவிட்டதை மனத்திற்கொண்டு வடிவமைத்த குளிசைப் போத்தல் கடைகளுக்கு வந்தது. படிக்கத்தக்க தட்டையான முகம், பெரிய எழுத்தில் மருந்தின் பெயர், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம் என்பவை அதன் சிறப்பு. தமிழில் இதைச் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். சிறிய எழுத்தில் முதலில் தொலைவது புள்ளி; அடுத்து, இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி 2008 முதல், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கிறது. உங்கள் பொருளோடு கொடுக்கும் குறிப்புத் தாளுக்கும் அதையே வையுங்கள். சாம்பல் நிற எழுத்து வேண்டவே வேண்டாம்.

தொடுதிரைத் தொலைபேசி பற்றி ஒரு வார்த்தை. விரலின் மின்தன்மையைத்தான் அந்தத் திரை உணர்கிறது. காய்ந்து தடித்த விரல்நுனியை அது சில வேளை உணர்வதில்லை. அப்பப்பா உடனே அழுத்திப் பிடிப்பார், திரையிலுள்ள படங்கள் இடம் மாறிவிடும், "நான் பழுதாக்கிப் போட்டேன்" என்று பயந்து அதைக் கீழே வைத்துவிடுவார். அவர் எதையும் பழுதாக்கவில்லை.

படுவான்கரை ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

மகள், எனக்கு 74 வயது. எங்களைப் பற்றி இங்கே எழுதப்பட்டவை எல்லாம் உண்மையே. ஆனால் எங்களிடம் கேட்டு எழுதப்பட்டவை குறைவு. சங்கக் கூட்டத்தில் நாங்கள் "நல்ல வேலை" என்றது மரியாதைக்கு. நாலு பேர் முன்னால் உங்கள் உழைப்பைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதே நாலு பேர் முன்னால் "எனக்கு ஒன்று தாருங்கள்" என்று கையை நீட்டவும் மனம் வராது. உண்மை தெரியவேண்டுமானால், விடியற்காலையில் வீட்டுக்கு வாருங்கள். கிணற்றடியில் நான் எதைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன், எந்தப் படியில் தயங்குகிறேன் என்பதைப் பேசாமல் நின்று பாருங்கள்.

வெளிநாட்டிலுள்ள என் மகன் அனுப்பிய பொல்லு ஒன்று என்னிடமும் இருக்கிறது. மடித்துப் பையில் வைக்கலாம், நல்ல பொருள்தான். ஒரே வருடத்தில் அடியிலிருந்த இறப்பர் தேய்ந்துவிட்டது. அந்த அளவில் இறப்பர் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. இப்போது அது உத்தரத்தில் தொங்குகிறது. ஆனால் 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியில் எங்கள் வளவில் விழுந்த பலா மரத்தில் செய்த கதிரை இன்னும் என்னோடு இருக்கிறது. இரண்டு தடவை கால் ஆடியது. இரண்டு தடவையும் எங்கள் ஊர் ஓடாவியே ஆப்பு வைத்து இறுக்கித் தந்தார். கைபிடி நுனியில் என் தகப்பனாரின் உள்ளங்கை தேய்த்த பள்ளத்தில்தான் இப்போது என் உள்ளங்கை இருக்கிறது. நீங்கள் செய்யும் பொருளைச் சைக்கிள் கடைக்காரனும் ஊர் ஓடாவியும் திருத்தக்கூடியதாகச் செய்யுங்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவன் ஒரு பொருளை வாங்குமுன் மனத்துக்குள் கேட்கும் முதற் கேள்வி, பழுதானால் என்ன செய்வது என்பதே.

பொல்லைப் பற்றி இன்னொன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில் நிறைய வயல் வைத்திருந்த எங்கள் ஊர்ப் போடியார் ஒருவர் வெள்ளிப்பூண் பிடித்த பிரம்போடுதான் வயலுக்கு வருவார். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. கால் நல்ல திடம். அந்தப் பிரம்பு வரப்பில் தட்டும் சத்தம் கேட்டதும் வேலைக்காரர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். கையில் ஒரு கம்பு இருப்பது அன்று பெரிய மனிதருக்கு அடையாளம். நான்கு பாதம் கொண்ட அலுமினியத்தை ஊன்றினால் நான் ஆசுபத்திரியிலிருந்து வந்தவன். முதிரைக் கம்பும் பித்தளைப் பூணுமாக ஒன்றைத் தந்தால், நான் கோயில் திருவிழாவுக்கே கொண்டு போவேன்.

களுவாஞ்சிகுடிப் பட்டறை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் ஓடாவியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், மிஞ்சிக் கிடந்த முதிரைத் துண்டு ஒன்றை எடுத்து நேர் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிடியை 3.5 சென்ரிமீற்றர் விட்டத்தில் கடைந்து, கழுத்தில் பித்தளைப் பூண் போட்டு, அம்மம்மாவின் மணிக்கட்டு உயரத்துக்கு முதல் பொல்லைச் செய்யப் போகிறோம். குழாய்ச் சட்டங்களைத் திரும்ப எடுத்துக் கடும் பச்சை பூசிக் கொடுப்பதாக வாங்கியவர்களுக்கு அறிவித்துவிட்டேன். குறிப்புத் தாளையும் பெரிய கறுப்பு எழுத்தில் புதிதாக அச்சிடுகிறோம்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. அடியிலும் பித்தளைப் பூணே போட்டால் அழகாக இருக்கும் என்கிறார் ஓடாவியார். ஈரத்தில் அது என்னாகும்?

வாவிக்கரை இயன்மருத்துவர் எழுதியது:

வழுக்கும், தங்கச்சி. அழகை மேலே வையுங்கள், அடியில் இறப்பர்தான். கம்பின் அடியைச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் இறப்பர் மூடியின் உள்விட்டத்துக்கு இழைத்துவிட்டால் ஆசிரியர் ஐயா சொன்ன குறை வராது. வாங்கும்போது அடிப்பக்கத்தில் வட்டக் கோடுகள் ஆழமாக உள்ளதாகப் பாருங்கள். அந்தக் கோடுகள் தேய்ந்து மழுங்கியவுடன் மாற்றவேண்டும் என்று குறிப்புத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பொல்லோடும் மேலதிகமாக இரண்டு மூடிகள் கொடுங்கள்.

படுவான்கரை ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

அம்மம்மாவின் பொல்லு முடிந்ததும் அதைக் கொண்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள், மகள். அந்த நேரம் நான் கிணற்றடியில் இருப்பேன். அங்கே சீமெந்து நன்றாக நனைந்திருக்கும்.